பதினான்கு கறுப்புக் கட்டங்கள்

போன வாரம் பதிப்பாளர் வந்து, புத்தகத்தின் அட்டைப் படத்தை முடிவு செய்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை என்று சொல்ல முடியாது. ஆளாளுக்கு ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்தவர் கண்ணில் படாமல் நடமாடினார்கள்.

படம் எது என்பதுதான் சிக்கல். டிரம்ஸ் வாசிப்பவர் தலையை அண்ணாந்திருக்கிறார். வாய் திறந்திருக்கிறது. வலது கை வெறுங்கையாக விரிந்திருக்கிறது. கைக்கு ஒரு முழம் மேலே, மேடை வெளிச்சத்தில், குச்சி அந்தரத்தில் நிற்கிறது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையில் வந்தது. பிறகு காலண்டரில் வந்தது. அதற்கப்புறம் முடிவெட்டும் கடைச் சுவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் 'என்ன ஒரு லயிப்பு' என்று சொக்கிப்போவார்கள். எடுத்தவர் அண்ணன், படத்தில் இருப்பவர் தம்பி. அந்தப் படம் வெளியான வாரத்திலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அண்ணனுக்கு எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர் ஃப்ளாஷ். முப்பது வருடம் மெல்லிசைக் குழுக்களின் பின்னால் அலைந்து படமெடுத்தவர், மேடையில் ஒருநாளும் ஃப்ளாஷ் அடித்ததில்லை. அடிக்காததற்காகவே அந்தப் பெயர். அவருடைய ஒரே மகள் டப்பா. சின்ன வயதில் காலி ஃபிலிம் டப்பாக்களில் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே திரிந்ததால் சித்தப்பா வைத்த பெயர் அது. இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது, புத்தக வடிவமைப்பாளர். எத்தனையோ பெரிய மனிதர்களின் வாழ்க்கையையெல்லாம் அடக்கி ஒடுக்கிப் பக்கத்துக்குள் உட்காரவைத்தவள், அப்பாவின் படங்களைப் புத்தகமாக்கும் வேலையில் மட்டும் ஆறு மாதமாகத் திண்டாடிக்கொண்டிருக்கிறாள்.

உள்பக்கங்கள் நூற்று அறுபதும் அச்சகத்துக்குப் போய்விட்டன. அட்டையும், அட்டையைத் திறந்தவுடன் வரும் உள்தாளும்தான் மிச்சம். இன்று மாலை ஆறு மணி கெடு. அந்தப் படம் இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். சித்தப்பாவிடம் கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கேட்காமல் போட்டால் சித்தப்பாவை இன்னொரு தடவை குத்தியதாகும் என்று டப்பாவின் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று பேர் பேச்சையும் ஒரே நாளில் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, அப்பா கடைசியாக ஒரு தடவை முழுப் புத்தகத்தையும் பார்க்கட்டும் என்று டம்மியை வைத்தாள். தாள்களை வெட்டி, மடித்து, ஒட்டி, வரப்போகும் புத்தகத்தைப் போலவே கையால் செய்து பார்ப்பதுதான் டம்மி. ஃப்ளாஷ் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பென்சிலைச் சீவவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"நடுமடிப்புல யார் மூக்கும் போகலியே?"

"போகலப்பா. புல்லாங்குழல்காரரை ஒன்பது தடவை நகர்த்தியிருக்கேன். இனிமே நகர்த்தினா அவரே எழுந்து போயிருவார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் பக்கத்தைத் திருப்பினார்.

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிகிற படங்களில் நடுவில் நிற்கிறவர் பாடுதான் திண்டாட்டம். மடிப்புக்குள் பாதி முகம் போய்விடும். இந்த ஆறு மாதத்தில் அப்பாவும் மகளும் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி யாரை மடிப்பிலிருந்து காப்பாற்றுவது என்பதைப் பற்றித்தான். படத்தின் ஓரத்தை வெட்டினால் தன் விரலை வெட்டுவதைப் போல அவர் பதறுவார். வெட்டாவிட்டால் பக்கம் மூச்சு விடாது என்று அவள் பிடிவாதம் பிடிப்பாள்.

"இந்தப் பொண்ணு கோரஸ். மைக் எட்டாது. செங்கல் மேல நின்னுதான் பாடும்," என்றார் ஃப்ளாஷ். அடுத்த பக்கம். "இவரோட கீபோர்டு ஸ்டாண்டுக்கு மூணு கால்தான். நாலாவது கால் அவர் முழங்கால். மூணு மணி நேரம் முழங்காலை ஆட்டாம வாசிப்பார்."

ஆறு மாதத்தில் இதையெல்லாம் இருபது தடவை கேட்டிருக்கிறாள். இருபத்தோராவது தடவையும் அவளுக்கு அலுக்கவில்லை. அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் பழைய வீட்டின் குளியலறை நினைவுக்கு வரும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வாளிகளுக்கு நடுவில் ரசாயனத் தட்டுகள், ஒரு சிவப்பு பல்ப். அப்பா படம் கழுவ உள்ளே போய்த் தாழ் போட்டால் வீட்டில் யாரும் குளிக்க முடியாது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கதவைத் தட்டினால், "கதவைத் திறந்தா பாடகி செத்துருவாங்க," என்று உள்ளிருந்து குரல் வரும். எத்தனை நாள் முகம் மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடியிருக்கிறாள். அந்தக் குளியலறைக்காக இப்போது எதையும் கொடுப்பாள்.

கடைசியாக உள்தாளுக்கு வந்தார் ஃப்ளாஷ். அதற்கு ஒரு காண்டாக்ட் ஷீட்டைப் போட்டிருந்தாள். ஒரு ரோலில் இருக்கிற முப்பத்தாறு படங்களையும் எடுத்த வரிசையிலேயே, தபால்தலை அளவில் ஒரே தாளில் அச்சிட்டால் அதுதான் காண்டாக்ட் ஷீட். அட்டையில் குச்சிப் படம், அட்டையைத் திறந்தால் அந்தப் படம் பிறந்த ரோல் முழுவதும் என்பது அவளுடைய யோசனை. பதிப்பாளர் பிரமாதம் என்று கைதட்டியிருந்தார்.

ஃப்ளாஷ் அதைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"இது என் ரோல் இல்ல."

"உங்க ரோல்தாம்பா. பின் அடிச்சு வெச்சிருந்தீங்களே, அந்தக் கவர்ல இருந்தது."

"இருபத்திரண்டு வரைக்கும் என்னுது. அதுக்கப்புறம்?"

டப்பாவுக்குக் காது சூடானது. திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல விழித்தாள்.

"அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லப்பா. வெறும் கறுப்பு. ஃபிலிம்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். கீழ்ப்பாதி பூராவும் கறுப்பா நின்னா பார்க்க நல்லா இருக்காதே. அதான் வேற ரோல்ல இருந்து பதினாலு படம் எடுத்து ரொப்பிட்டேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பென்சிலை மறுபடி எடுத்து, இருபத்து மூன்றிலிருந்து முப்பத்தாறு வரைக்கும் ஒவ்வொரு கட்டத்தின் மீதும் பொறுமையாக ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"எடுக்காத கட்டம் கறுப்பாத்தான் விழும். காலியா இருந்தா காலியாவே போடு. எடுக்காத படத்தை எடுத்த மாதிரி காட்டக் கூடாது."

"ஏம்பா எடுக்கல?"

அவர் எழுந்து பால்கனிக்குப் போய், அம்மா விடியற்காலையிலேயே தண்ணீர் ஊற்றியிருந்த தொட்டிகளுக்கு இன்னொரு தடவை தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள்.

"பதினாலு படத்தை மிச்சம் வெச்சாரா? யாரு, உங்கப்பாவா?"

"ஆமாம்மா. அப்படித்தான் இருக்கு."

"இருக்கவே முடியாது. இந்த மனுஷன் ஒரு ரோலைக்கூட மிச்சம் வெச்சதில்ல. எந்தக் கச்சேரின்னாலும் கடைசி நாலஞ்சு படத்தை வீட்டுக்குன்னு வெச்சிருப்பார். வந்து செருப்பைக்கூடக் கழட்டாம 'இப்படித் திரும்பு, அப்படிப் பாரு'ன்னு நம்மளை எடுத்துத் தீர்த்துட்டுத்தான் கை கால் கழுவுவார். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு அழுதிட்டிருந்தாலும் விடமாட்டார். நம்ம ஆல்பமே அதுதானே?"

டப்பா அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்தாள். படங்களை ஒவ்வொன்றாக உருவித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் அப்பாவின் கையெழுத்தில் சின்னதாக எண்கள். அவளுக்கு முதல் பல் விழுந்தது முப்பத்து நான்கு. அம்மாவும் வெங்காயமும் முப்பத்தாறு. சித்தப்பாவின் பெரிய டிரம் பெட்டிக்குள் அவள் உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் நீட்டுகிறாள், சித்தப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அது முப்பத்து மூன்று. இதுவரை அவை ஏதோ கணக்குக்கு எழுதிய எண்கள் என்றுதான் நினைத்திருந்தாள். அவள் வளர்ந்தது முழுவதும் கச்சேரி ரோல்களின் வாலில்தான் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

ஆல்பம் நடுவில் நின்றுபோயிருந்தது. அவளுடைய பதினைந்தாம் வயதுக்குப் பிறகு படமே இல்லை. குச்சிப் படம் வந்த வருடம் அது. அதற்கப்புறம் அப்பா எந்த மேடைக்கும் போகவில்லை.

மேஜைக்குத் திரும்பி, தான் ரொப்பிய பதினான்கு படங்களையும் கம்ப்யூட்டரில் அழித்தாள். உண்மையான ஷீட்டை ஒரு பிரதி எடுத்து, உருட்டி, பைக்குள் வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"பஸ் ஸ்டாண்டுக்கு."

அம்மா பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"இப்ப போகாதே. மூணு மணிக்கு மேல போ. அப்பத்தான் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

அது அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க டப்பாவின் நாக்கு துறுதுறுத்தது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டாள்.

முப்பது வயதிலிருந்தே சித்தப்பாவைத் தாளத்தில் அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஐந்து பேர் நின்றால் நெரிசலாகிவிடும் தகரக் கூரை அறை. ஒரு மேஜை, ஒரு கடிகாரம், வண்டிகள் வருவதையும் போவதையும் எழுதும் நீளப் பதிவேடு, கழுத்தில் ஒரு விசில். விசிலை ஊதினால் எந்த டிரைவரும் மறுபேச்சுப் பேசாமல் வண்டியை எடுப்பார்.

"டப்பாவா? உள்ள வா. அந்த ஸ்டூல்ல உட்காராதே, ஒரு கால் ஆடும்."

கடைசியாக நான்கு வருடம் முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தது. முடி நன்றாக நரைத்திருந்தது. இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. அவர் இடது கைக்காரர் இல்லை என்பது டப்பாவுக்குத் தெரியும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். புத்தகம், அட்டை, ஆறு மணி. அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருப்பதையும் சொன்னாள்.

சித்தப்பா பதிவேட்டை மூடினார்.

"மறுபடியும் அட்டையா?"

"நீங்க வேணாம்னா எடுத்துருவேன் சித்தப்பா. பதிப்பாளர் என்ன வேணா சொல்லிக்கட்டும்."

"அதெல்லாம் வேணாம். போட்டுக்கோ. அவனுக்கு முப்பது வருஷ உழைப்பு, அதை நான் ஏன் கெடுக்கணும்? எனக்கு மட்டும் ஒரு காப்பி அனுப்பிராதே."

வெளியே மூன்று நாற்பது வண்டி வந்து நின்றது. எழுந்துபோய் விசில் ஊதிவிட்டு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"முடிவெட்டற கடையில என் தலைக்கு மேல அந்தப் படம் தொங்கும். கடைக்காரன் கேப்பான், 'அண்ணே, குச்சியைத் தூக்கிப் போட்டு மறுபடி பிடிப்பீங்களா'ன்னு. நான் என்ன சொல்றது? நான் தூக்கிப் போடல. அன்னிக்கு ஆறாவது பாட்டு. மணிக்கட்டுல இருந்து கை என்னுது இல்லாத மாதிரி ஆயிருச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நடுக்கம் இருந்தது, யார்கிட்டயும் சொல்லல. குச்சி பறந்துருச்சு. வாய் திறந்திருக்குல்ல, லயிப்புன்னு சொல்றாங்களே, 'ஐயோ'ன்னு சொல்லிட்டிருக்கேன் டப்பா. அதைத்தான் உங்கப்பா எடுத்தான்."

சித்தப்பா மூடிய பதிவேட்டை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

"படம் வந்த அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன். நீகூட அங்க உட்கார்ந்து படிச்சிட்டிருந்தே. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 'என் கை போகும்போது நீ கிளிக் பண்ணிட்டு இருந்தியா?' ஆமான்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன். இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். அவன் வாயே திறக்கல. நான் கிளம்பிட்டேன்."

டப்பாவின் போன் அடித்தது. பதிப்பாளர்.

"என்ன மேடம், அட்டை ரெடியா? அச்சகத்துல மெஷினை எனக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க."

டப்பா சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"சார், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. வேற அட்டை தரேன். இதைவிட நல்லா இருக்கும்."

"வேற அட்டையா? எங்க இருக்கு?"

"இருக்கு சார்," என்று கூசாமல் பொய் சொன்னாள்.

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "நாளைக்குப் பன்னெண்டு மணி. ஒரு நிமிஷம் தாண்டினாலும் குச்சிதான் போகும்."

போனை வைத்தாள். சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எது இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. சித்தப்பா, குச்சி விழுந்தப்புறம் என்ன ஆச்சு? பாட்டு நின்னுருச்சா?"

"நிக்கல. அதுதான் எனக்கே விளங்காத விஷயம்." மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டார். "டிரம்ஸ் எல்லாருக்கும் பின்னாடி, உயரத்துல இருக்கும். மத்தவங்க எல்லாம் ஜனங்களைப் பார்த்து நிக்கறவங்க. எனக்குக் கண்ணு முழுக்க லைட்டு. யாரோ பின்பக்கமா ஏறி வந்து, குச்சியை என் கையில வெச்சு, விரலை ஒவ்வொண்ணா மூடிவிட்டாங்க. அப்புறம் முதுகுல கையை வெச்சுக்கிட்டு நின்னாங்க, பாட்டு முடியற வரைக்கும். அந்தக் கை இருந்ததாலதான் வாசிச்சேன். திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். குழுவில ஒருத்தர் விடாம கேட்டேன். எல்லாரும் நான் இல்லன்னாங்க."

டப்பா பையிலிருந்து ஷீட்டை எடுத்து மேஜையில் விரித்தாள். சுருண்டுகொள்ளாமல் ஒரு முனையில் பதிவேட்டையும் மறுமுனையில் தண்ணீர் பாட்டிலையும் வைத்தாள்.

"இது அன்னிக்கு எடுத்த ரோல். பத்திரிகைக்காரங்களே கழுவி, படத்தையும் அவங்களே தேர்ந்தெடுத்துட்டு, அப்புறம் கவர்ல போட்டுக் குடுத்திருக்காங்க. அப்பா அந்தக் கவரைப் பிரிக்கவே இல்ல. பின் அடிச்சுப் பெட்டிக்கு அடியில வெச்சுட்டார். இந்த வருஷம் நான்தான் பிரிச்சேன்."

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. பாடகி, கோரஸ், கிடார். பதினெட்டிலிருந்து அவர்தான். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. இருபத்திரண்டு, குச்சி.

அதற்கப்புறம் கறுப்பு. ஃபிலிமின் ஓரத்தில் எண்கள் மட்டும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தன. இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று, படம் இல்லாமல், முப்பத்தாறு வரைக்கும்.

அவருடைய இடது கை விரல் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே போனது. முப்பத்தாறில் நின்றது. திரும்பவும் இருபத்து மூன்றுக்கு வந்து இன்னொரு தடவை எண்ணினார்.

"எங்க அண்ணன் ரோலை மிச்சம் வெக்க மாட்டானே," என்றார்.

"மாட்டார்."

"கடைசி நாலஞ்சு வீட்டுக்குன்னு வெப்பான். அதையும் அன்னிக்கே தீர்த்துருவான்."

"ஆமா."

"அப்ப இந்தப் பதினாலு…"

ஆடும் என்று அவர் எச்சரித்த அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். அது ஆடியது. அவர் கவனிக்கவில்லை.

"அந்த விரல்ல ரசாயன வாசனை அடிச்சது டப்பா. உங்க பழைய வீட்டுக் குளியலறை வாசனை. அன்னிக்கே மூக்குல ஏறிச்சு. தெரியாமலா இருந்தேன்? தெரிஞ்சதுன்னு ஒத்துக்கிட்டா இத்தனை கோபத்தை எங்க கொண்டுபோய் வெக்கறது?"

அவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி விசில் கயிற்றால் துடைத்தார். அழுதது டப்பாதான்.

"பின்ன ஏன் சித்தப்பா அவர் வாயைத் திறந்து சொல்லல?"

"எடுத்தான்ல. இருபத்திரண்டை எடுத்துட்டுத்தானே ஓடி வந்தான். முதல்ல கிளிக் பண்ணிட்டோம்ங்கறது அவனை அரிச்சிருக்கும். உங்கப்பா தன் மேல தப்பிருந்தா வாதாட மாட்டான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அவன் வாயைத் திறக்காததால அவனையும் அடிச்சு, கூட இருந்த என்னையும் அடிப்பாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "போனைப் போடு."

"அப்பாவுக்கா?"

"பின்ன யாருக்கு, பதிப்பாளருக்கா?"

டப்பா அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். நான்கு தடவை அடித்தது.

"எங்க இருக்கே? மணி என்ன ஆச்சு?" ஃப்ளாஷின் குரல்.

டப்பா போனைச் சித்தப்பாவின் பக்கம் நகர்த்தினாள். வெளியே ஒரு நடத்துனர் எங்கெங்கோ போகிற ஊர்களை ராகமாகக் கூவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஃப்ளாஷ் மூச்சு விடுவது கேட்டது. பஸ் ஸ்டாண்ட் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

பத்தொன்பது வருடம் கழித்து அண்ணன்தான் முதலில் பேசினார்.

"கை எப்படிடா இருக்கு?"

யாருமே சித்தப்பாவிடம் கேட்காத கேள்வி அது. எல்லாரும் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், குச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா மேஜையிலிருந்த போனை எடுத்துக்கொண்டார்.

"போனைப் பிடிச்சிட்டிருக்கேன்ல," என்றார்.

"இடது கையாலதானே?"

சித்தப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிடிபட்டுவிட்டவர் சிரிப்பது போல ஒரு சிரிப்பு வந்தது.

"அண்ணே, உன் ரோல் என் முன்னாடி இருக்கு. இன்னும் பதினாலு பாக்கி இருக்கு."

சித்தப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"டிரம்ஸ் செட்டு என் வீட்டு மாடியிலதான் இருக்கு. வருஷா வருஷம் மேல போடற துணியை மட்டும் மாத்துவேன். காலைல ஏழு மணிக்கு ஜன்னல் வழியா வெளிச்சம் நல்லா விழும். ஃப்ளாஷ் வேண்டியிருக்காது. வந்து எடுத்து முடிச்சுட்டுப் போ. உன் பொண்ணு இங்க இல்லாத அட்டையை இருக்குன்னு பதிப்பாளர்கிட்ட அளந்து விட்டிருக்கா."

ஃப்ளாஷ் இணைப்பைத் துண்டிக்கவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டு நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு பீரோக் கதவு கிறீச்சிட்டது. எதுவோ கீழே விழுந்தது. பிறகு, தூரத்திலிருந்து அம்மாவின் குரல்.

"என்னங்க, இந்த நேரத்துல எதுக்குக் கேமராவைத் தேடறீங்க? இப்பல்லாம் ஃபிலிம் எந்தக் கடையில கிடைக்குது?"

டப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சித்தப்பாவும் சிரித்தார். போனை அவளிடம் கொடுத்துவிட்டு, நான்கு இருபது வண்டியைப் பதிய வேண்டும் என்று பதிவேட்டைப் பிரித்தார். என்ன தோன்றியதோ, பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே எடுத்து, அந்தக் கையில் பென்சிலைப் பிடித்தார். எழுத வேண்டிய இடத்துக்கு அதைக் கொண்டுபோனார்.

கை நடுங்கியது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. பென்சில் நழுவி, மேஜையில் உருண்டு, கீழே விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். காலை ஏழு மணிக்கு இன்னும் பதினைந்து மணி நேரம்கூட இல்லை.

டப்பா குனிந்து பென்சிலை எடுத்தாள். அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். பின்னால் போய் நின்று, முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தார். சித்தப்பா எழுத ஆரம்பித்தார்.